டிஸ்க் சொன்ன சொல்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அங்கிருந்து மேற்கே கடலைப் பார்த்து இறங்கினால் பொழியூர், பூவார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு எங்கே விழுந்தாலும் பேச்சு கோட்டோடு நிற்பதில்லை. அதனால்தான் கேரள அரசின் கணினிப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் அச்சாகிறது. அந்தப் பாடநூல் சொல்லித்தரும் கணினியில் ஓடுவது லினக்ஸ். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. 2019-இல் கேரளப் பள்ளிகளின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு லினக்ஸின் ஒரு வடிவமான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பைத் தரப்போவதாக, பள்ளிக் கணினிகளைக் கவனிக்கும் அரசு நிறுவனமான கைட் அறிவித்தது. இந்தக் கணினிகளில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து ஒரு பிள்ளை ஒரு பக்கம் தட்டி, சேவ் கொடுத்துவிட்டு மணி அடித்ததும் எழுந்து போகிறது. எழுதியாயிற்று என்று திரை சொல்லிவிட்டது. பிள்ளை எழுத்து பதிந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை, ஊகிக்கவில்லை. சொன்னதைக் கேட்டு நம்பியது. அப்படி நம்பியதை அறிவு என்று சொல்ல முடியுமா, முடியும் என்றால் எதனால் என்பது நம் சமயத் தருக்க நூல்கள் ஆயிரத்தைந்நூறு வருஷமாக வாதாடிவந்த கேள்வி. கணினியின் கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், சேமிப்பு டிரைவர்களைப் பராமரிப்பவர்களின் தொழில், யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து அந்தக் கேள்விக்கு வெளிச்சம் தருகிறது என்பது என் எண்ணம்.

முதலில் அந்தச் சொல் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். எழுத்துச் செயலி ஃபைல் சிஸ்டத்திடம் தருகிறது, ஃபைல் சிஸ்டம் கர்னலின் பிளாக் அடுக்கிடம் தருகிறது, அது டிரைவரிடம், டிரைவர் டிஸ்க்குக்குள் இருக்கும் சிறு கணினியிடம். பதில் இதே படிகளில் மேலே ஏறுகிறது. டிரைவர் என்பது இந்தப் படிகளில் விசித்திரமான ஓர் இடம். அதற்கு மேலே இருப்பவை எல்லாம் மென்பொருள். கீழே இருப்பது ஒரு தொழிற்சாலையில் செய்து மூடி வந்த பொருள், உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க ஜன்னல் கிடையாது. கட்டளை அனுப்பலாம், பதில் வாங்கலாம், அவ்வளவுதான். அந்தப் பதிலிலும் ஒரு நெளிவு உண்டு. வேகத்துக்காக டிஸ்க் வந்த தரவைத் தன் கேஷ் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு, நிரந்தர இடத்தில் பதிவதற்கு முன்பே ஆயிற்று என்று சொல்லிவிடும். அகத்திய மலையிலிருந்து இறங்கும் நெய்யாறு பூவாரில் மணல்திட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கும் காலத்தை நினைத்துக்கொள்ளலாம். மேலே வயல்காரன் தன் நிலத்தைப் பார்த்துத் தண்ணீர் கடலுக்குப் போய்விட்டது என்பான். பொழி வெட்டும்வரை, அதாவது மணல்திட்டைத் திறந்துவிடும்வரை, அது கடலுக்குப் போகவில்லை. டிஸ்க்கில் பொழி வெட்டுவதற்கும் ஒரு கட்டளை உண்டு, ஃப்ளஷ் என்று பெயர். செயலிகள் அதை எஃப்சிங்க் என்ற அழைப்பின் வழியாகக் கேட்கும். கேஷில் இருப்பதையெல்லாம் இறக்கிவிட்டு வந்து சொல் என்பதுதான் அதன் பொருள்.

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயக்கணக்கர்களிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களில் முதலில் பேசும் அளவைவாதி, அறிவைத் தரும் வழிகள் பத்து என்று அடுக்குகிறான். பின்னால் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பௌத்தத் தருக்க ஆசிரியர் திங்நாகரின் வழியில் நின்று, காட்சி, கருத்து என்ற இரண்டே போதும், மற்றவை கருத்துக்குள் அடங்கும் என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் காண்டல், கருதல், உரை என மூன்றாக்கி நிறுத்துகிறார். பூசல் முழுவதும் அந்த மூன்றாவதில்தான். நியாய சூத்திரம் உரையை ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், சொல்லும் சொல் என்று வரையறுக்கிறது. அந்தச் சூத்திரத்துக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவன் ஆப்தன், அவன் ரிஷியாகவும் இருக்கலாம், ஆரியனாகவும் மிலேச்சனாகவும் இருக்கலாம் என்கிறார். பல சமயவாதிகளுக்கு அந்தக் கடைசிச் சொல் இன்றுவரை தொண்டையில் சிக்குகிறது. ஆப்தன் எப்படி ஆப்தன் ஆகிறான் என்ற இடத்தில் எனக்கு நியாயவாதிகளோடும் முழு உடன்பாடு இல்லை. அறிந்திருத்தலும் நேர்மையும் வேண்டும் என்கிறார்கள், சரி. ஆனால் இரண்டையும் ஒரு மனிதனிடம் ஒரு தடவை அமைந்து நிற்கும் குணங்கள்போலப் பேசுகிறார்கள். சொல்லைச் சோதித்து, பிழையைப் பெயர் சொல்லிப் பதிந்து, திருத்தி, பொறுப்பேற்க முடியாதபோது அதையும் வெளியே சொல்லும் ஓயாத வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலை நடக்கும்வரைதான் உரை அளவையாக நிற்கிறது என்பது என் வாதம்.

பௌத்தரின் ஆட்சேபம் உடனே வரும், அது வலுவான ஆட்சேபம். சொன்னவனை ஏன் நம்ப வேண்டும்? எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொள்ளலாமே. இந்த டிஸ்க் இதற்கு முன் ஆயிரம் தடவை சரியாகச் சொன்னது, ஆகவே இப்போதும் சரியாக இருக்கும் என்று ஊகிக்கலாமே. மூன்றாவது அளவை எதற்கு? படித்துப் பார்ப்பதில் தொடங்குவோம். எழுதியதை உடனே படித்தால் கர்னல் தன் சொந்த நினைவில் இருக்கும் பிரதியை எடுத்துத் தந்துவிடும். டிஸ்க்கைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. அந்தப் பிரதியை ஒதுக்கிவிட்டு டிஸ்க்கிடமே கேட்டால், டிஸ்க் தன் கேஷிலிருந்து எடுத்துத் தரலாம். இரண்டு பதிலும் சரியாக இருக்கும், நிரந்தர இடத்தில் ஒன்றும் பதிந்திராது. அது பதிந்ததா என்று காட்சியால் அறிய ஒரே வழி மின்சாரத்தை அறுத்துப் பார்ப்பதுதான். அந்தக் காட்சி வாய்க்கும்போது பிள்ளையின் பக்கம் போயிருக்கும். இடவப்பாதி மழையில் பாறசாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மின்சாரம் நிற்கும்போது அந்தச் சோதனை தானாகவே நடக்கிறது. ஊகத்தின் கதையும் இதுதான். ஆயிரம் தடவை சரியாகச் சொன்னது என்பதை எப்படி அறிந்தோம்? அந்த ஆயிரம் தடவையும் அதே டிஸ்க்கின் பதிலைத்தானே எண்ணினோம்? செக்சம் வைத்துச் சரிபார்க்கும் ஃபைல் சிஸ்டங்கள் உண்டு, அவை பெரிய உதவி. ஆனால் அவை கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும், நாளை கெடாது என்று சொல்லாது. உரையைக் கருதலுக்குள் அடக்குகிறவர்கள், கருதலுக்குத் தேவையான சரக்கை உரையிடமிருந்தே கடன் வாங்குகிறார்கள்.

அப்படியானால் கர்னல் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறதா? இல்லை. ஏடிஏ டிஸ்க்குகளைக் கையாளும் லிப்ஏடிஏ என்ற டிரைவர் தொகுதிக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. முன்பு அதற்குக் கருப்புப் பட்டியல் என்றே பெயர். டிஸ்க்கின் மாடல் பெயர், உள்ளிருக்கும் மென்பொருளின் பதிப்பு, அது சொல்வதில் எதை நம்பக்கூடாது என்று வரி வரியாக எழுதியிருக்கும். உதாரணத்துக்கு, டிரிம் என்ற கட்டளை ‘இந்த இடத்தில் இருப்பது இனி வேண்டாம்’ என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்வது. அந்தக் கட்டளையை மற்றவற்றோடு வரிசையில் போட்டு அனுப்பலாம் என்று சில மாடல்கள் தாமே அறிவித்துக்கொள்கின்றன. அந்த அறிவிப்பை நம்பி அனுப்பினால் தரவு கெடுகிறது. அட்டவணையில் அவற்றுக்கு நேரே, இதற்கு வரிசையில் டிரிம் அனுப்பாதே என்று குறித்திருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பொருள்களும் அதில் உண்டு. அட்டவணையில் இல்லாத டிஸ்க் எதுவானாலும் அதன் சொல் ஏற்கப்படும். மீமாம்சகர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதையே: அறிவு தன்னளவில் சரி, அதைப் பொய்யாக்கும் காரணம் தெரியும்வரை ஐயப்படத் தேவையில்லை. நியாயவாதிகள் இதை மறுத்து, சரியென்பது செயலில் பலித்த பிறகே தெரியும் என்றார்கள். டிரைவர் எழுதுகிறவர்கள் நூல் படிக்காமலே இரு கட்சியையும் ஒரே கோப்பில் வைத்துவிட்டார்கள்: தொடக்கத்தில் நம்பு, பலிக்காதபோது பெயர் எழுது. இரண்டாவது பாதிக்கு ஆள் வேண்டும் என்பதுதான் மீமாம்சகர் கணக்கில் வராத விஷயம். பொய்யாக்கும் காரணம் தானாக வந்து அட்டவணையில் உட்காராது. எங்கோ ஒருவருடைய ஃபைல் கெட்டு, அவர் அதை மாடல் எண்ணோடு தெரிவித்து, இன்னொருவர் அதே பொருளை வாங்கித் திரும்ப நடக்கிறதா என்று பார்த்து, ஒரு வரி சேர்கிறது.

பெயர் எழுதுவதிலும் தவறு நேரும். 2015 ஜூனில் அல்கோலியா என்ற தேடல் சேவை நிறுவனம், தன் சர்வர்களில் ஃபைல்களின் நடுவே 512 பைட் அளவில் வெறும் சுழியங்கள் விழுந்துகிடப்பதைக் கண்டு, சாம்சங் எஸ்.எஸ்.டி.கள் டிரிமைத் தவறாகச் செய்கின்றன என்று வெளியிட்டது. ஊகம் நியாயமானதுதான், மற்ற டிஸ்க்குகள் உள்ள சர்வர்களில் அது நடக்கவில்லை. அடுத்த மாதம் சாம்சங்கின் பொறியாளர்கள் அதைத் தங்கள் இடத்தில் நடத்திப் பார்த்து, குற்றம் கர்னலில் இருப்பதைக் காட்டினார்கள். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் ரெய்டு அமைப்பில் பெரிய டிரிம் கட்டளை ஒன்றைத் துண்டுகளாக வெட்டும்போது, துண்டுகள் தங்கள் எல்லை விவரத்தைத் தனித்தனியே வைத்துக்கொள்ளாமல் பகிர்ந்துகொண்டன. அதனால் அழிக்கக்கூடாத இடத்தை அழி என்று கட்டளை போனது. டிஸ்க் சொன்னதைச் செய்தது. அதே ஜூலையில் பிளாக் அடுக்கில் திருத்தம் வந்தது. 2018 இறுதியிலும் இதேபோல் ஒன்று: 4.19 கர்னலில் ஃபைல்கள் கெட்டன, ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தின்மேல் பழி விழுந்தது. பல வாரத் துழாவலுக்குப் பின் டிசம்பரில் குற்றம் அதற்கும் கீழே, பிளாக் அடுக்கின் பல வரிசை முறையில் இருப்பது தெரிந்தது. அந்த அடுக்கின் பொறுப்பாளரான ஜென்ஸ் ஆக்ஸ்போதான் திருத்தத்தை எழுதினார். நம்பத்தக்கவர் யார் என்ற தீர்ப்பையும் திருத்த வேண்டியிருக்கிறது என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன. ஒரு முறை ஆப்தன், என்றும் ஆப்தன் என்பது எவ்வளவு பிழையோ, ஒரு முறை பொய்யன், என்றும் பொய்யன் என்பதும் அவ்வளவு பிழை.

இன்னும் கனமான நிகழ்ச்சி 2018-இன் முற்பகுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் எழுதியதையெல்லாம் இறக்கச் சொல்லி எஃப்சிங்க் கேட்கும். பிழை என்று பதில் வந்தால் மறுபடி கேட்கும். ஆயிற்று என்றால் நிம்மதியாகத் தன் பழைய குறிப்புகளை அழித்துவிடும். இது நியாயமான நடத்தை என்று இருபது வருஷமாக எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் டிஸ்க் எழுத முடியவில்லை என்று சொன்னதும், லினக்ஸ் கர்னல் அந்தப் பக்கங்களை எழுத வேண்டியவை என்ற குறியிலிருந்து எடுத்துவிடும். இரண்டாம் தடவை கேட்கும்போது எழுத வேண்டியது எதுவும் பாக்கி இல்லை, ஆகவே ஆயிற்று. முதல் பிழைச் செய்தி சில வேளை கேட்டவருக்கு வராமல் வேறொரு செயலியின் காதில் விழுந்து போவதும் இருந்தது, 2017-இன் 4.13 பதிப்பில் அதை ஓரளவு சரிசெய்திருந்தார்கள். கர்னல் இப்படி நடந்ததற்குக் காரணமும் அசட்டுக் காரணம் அல்ல. யாரோ பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால், அதற்கு எழுத வேண்டியதை என்றென்றைக்கும் நினைவில் சுமந்தால் கணினியே நின்றுவிடும். இங்கே ஒருவர் வள்ளுவரைச் சாட்சிக்கு அழைக்கலாம்: குற்றமில்லாத நன்மை தரும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்று வாய்மை அதிகாரத்தில் அவரே இடம் கொடுத்திருக்கிறார். டிஸ்க் கேஷில் வைத்துக்கொண்டு ஆயிற்று என்பதும், கர்னல் இரண்டாம் தடவை ஆயிற்று என்பதும் எல்லோருடைய வேகத்துக்கும் நன்மைக்கும்தானே?

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்தான் பிழை. சாதாரணமாக எழுதும்போது ஆயிற்று என்றால் ‘வாங்கிக்கொண்டேன்’ என்றுதான் பொருள் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த வழக்கு. அதில் ஏமாந்தவர் இல்லை. எஃப்சிங்க் என்பது நேர்க் கேள்வி. அந்த வழக்கை விலக்கி, உண்மையில் இறங்கியதா என்று குறிப்பாகக் கேட்பதற்கென்றே ஏற்பட்டது. அதற்கும் அதே பதில் என்றால் கேட்பதற்கு வேறு வார்த்தை மிச்சமில்லை. வள்ளுவர் வைத்த நிபந்தனையும் சின்னதல்ல. நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். வேகத்தின் நன்மை கணினி முழுவதற்கும் போகிறது, இழப்போ எழுதியவர் ஒருவர் தலையில் விழுகிறது. அவரை யாரும் கேட்கவில்லை. போஸ்ட்கிரெஸ் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளிலிருந்து, எஃப்சிங்க் ஒரு தடவை பிழை என்றாலே அது தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு, பழைய குறிப்புகளிலிருந்து மறுபடி தொடங்குகிறது. அது கர்னலை நம்புவதை விட்டுவிடவில்லை. எந்தச் சொல்லை எத்தனை தடவை நம்பலாம் என்ற எல்லையைத் திருத்திக்கொண்டது.

டிஸ்க்குக்கும் டிரைவருக்கும் வாய் ஏது, வாய்மை ஏது, இதெல்லாம் உருவகப் பேச்சு என்று ஒருவர் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன், இயந்திரம் சொல்வதில்லை. ஆனால் இன்ன நிலையில் ஆயிற்று என்று பதில் கொடு என்று ஒரு வரியை எழுதியவர் இருக்கிறார். அதைப் படித்து ஏற்றவர் இருக்கிறார். 2004 முதல் லினக்ஸ் கர்னலுக்குள் போகும் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் எழுதியவரும் கைமாற்றியவர்களும் வரிசையாகப் பெயரிட்டு ஒப்பமிடுகிறார்கள். எஸ்.சி.ஓ. நிறுவனம் நிரலின் உரிமை குறித்துத் தொடுத்த வழக்கின் சூட்டில் வந்த ஏற்பாடு அது. சட்டத்துக்காக வந்தாலும் அறத்துக்கும் பயன்படுகிறது, ஏனென்றால் பதினைந்து வருஷம் கழித்தும் இந்தப் பதிலைச் சொல்லவைத்தது யார் என்று கேட்டால் ஆள் கிடைக்கும். பிழையைத் தெரிவித்தவர் பெயரும், எந்தப் பழைய மாற்றத்தால் அது வந்தது என்பதும்கூட அதில் ஏறும். பாறசாலைப் பிள்ளை நம்பியது இயந்திரத்தை அல்ல, இந்த ஒப்ப வரிசையை.

ஒப்பமிட்டவர் பொய்யராக இருந்தால்? 2021 ஏப்ரலில் அதுவும் நடந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பிழையுள்ள திருத்தங்களை வேண்டுமென்றே அனுப்பி அவை பிடிபடுகின்றனவா என்று ஆய்வு நடத்தியிருந்தது பெரும் சண்டையாகி, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து மாற்றங்களை ஏற்பதையே கர்னல் பொறுப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் நிறுத்தினார். அங்கிருந்து முன்பு வந்தவையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டன, பெரும்பாலானவை நல்ல மனத்தோடு செய்தவை என்று தெரிந்தது. வள்ளுவர் தெரிந்து தெளிதலில் ஆராயாமல் நம்புவதும், நம்பியவரிடம் ஐயப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் என்கிறார். அப்படியானால் முடிவில்லாமல் சரிபார்த்துக்கொண்டிருக்கும் இந்தத் தொழில் அந்த இரண்டாவது துன்பம்தானே என்று கேட்கத் தோன்றும். ஆளை ஐயுறுவது வேறு, வேலையைப் பார்ப்பது வேறு. பல வருஷம் பொறுப்பிலிருப்பவரின் மாற்றத்தையும் இன்னொருவர் படித்த பிறகே ஏற்பது அங்கே வழக்கம். யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2021 பிப்ரவரி இறுதியில், ஸ்வாப் ஃபைலில் எழுத வேண்டியதைத் தவறான இடத்தில் எழுதி ஃபைல் சிஸ்டத்தைக் கெடுக்கும் பிழையோடு தன் கையாலேயே ஒரு முன்வெளியீட்டை விட்டுவிட்டார். தெரிந்ததும் அதன் பெயரிலேயே ‘பயன்படுத்தாதே’ என்று ஒட்டவைத்தார். அந்தப் பெயர் இன்றும் அப்படியே பட்டியலில் கிடக்கிறது.

கூலியில்லா வேலைக்கு இவ்வளவு கடமை எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. லினக்ஸின் உரிமப் பத்திரத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. சேமிப்பு டிரைவர்களில் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதியினர் இன்று நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். ஆனால் பிள்ளை அவர்களுக்கு ஒரு காசும் தரவில்லை, ஆகவே அவர்கள் பிள்ளைக்குக் கடன்பட்டவர்கள் அல்ல என்று சட்டம் சொல்லும், சரியாகவே சொல்லும். யாரும் அழைக்காமல் தானாகச் சாட்சி சொல்ல வருபவனும் கூலி வாங்குவதில்லை. வாய் திறக்காமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு. திறந்த பிறகு பொய் சொல்ல உரிமையில்லை. டிரைவர் ஒன்றை யாரும் எழுதாமலே இருக்கலாம். எழுதி, ஆயிற்று என்று சொல்லவும் வைத்துவிட்டால் அந்தச் சொல்லுக்குக் கணக்கு உண்டு. உத்தரவாதம் இல்லை என்பது நஷ்டஈடு கேட்காதே என்பதுவரைதான் செல்லும்.

சமயவாதியின் ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்தது, அது எல்லாவற்றையும்விட ஆழமானது என்பதால். மனிதன் சொன்ன உரைக்குத்தான் இந்தப் பராமரிப்பெல்லாம். வேதத்துக்கு ஆசிரியரே இல்லை, குற்றம் வருவது சொல்பவனிடமிருந்து, சொல்பவன் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்பது மீமாம்சகர் முடிவு. சைவர்கள் ஆசிரியன் உண்டு, ஆனால் அவன் மலமற்ற இறைவன் என்பார்கள். அந்த மூலச் சொல்லைப் பற்றி இங்கே நான் வாதாடவில்லை. அது நம்மிடம் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. திருமுறை கண்ட புராணம் சொல்லும் வரலாறு எல்லோருக்கும் தெரியும்: தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் மூவர் கை அடையாளத்தோடு பூட்டிக் கிடந்தன, நம்பியாண்டார் நம்பியும் அரசனும் திறந்து பார்த்தபோது புற்று மூடியிருந்தது, செல்லரித்தது போக எஞ்சியதே கிடைத்தது. பூட்டும் முத்திரையும் சரியாக இருந்தன. ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன என்று தில்லையில் எல்லோரும் நம்பினார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பார்த்து, நைந்த ஏட்டைப் புதிதாகப் படியெடுக்கும் வேலை மட்டும் நின்றிருந்தது. அதை இறைவன் திருவுளம் என்று சொல்வதுண்டு. நம்புகிறவர் நம்பட்டும், கரையானுக்கு அதுவே போதுமான விளக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. அளவைகளைப் பற்றிப் பேசும் மணிமேகலையே 1898-இல் உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்துப் பதிப்பித்ததால்தான் நமக்குத் தெளிவாகப் படிக்கும்படி கிடைத்தது. பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் போடுகிறவர் நூலின் தெய்வத்தன்மையைக் குறைப்பதில்லை. எந்த வாசகத்துக்கு எந்த ஏடு சாட்சி என்று காட்டுகிறார், அவ்வளவுதான்.

ஆப்தனைப் பிறப்பு தீர்மானிக்கும் என்பவர்களுக்கு நெய்யாற்றங்கரையிலேயே பதில் உண்டு. பூவாரிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும் அருவிப்புறத்தில், 1888-இல் நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடியவர் அவர். ஈழவர் குலத்தில் பிறந்தவருக்குப் பிரதிஷ்டை செய்ய ஆகமத்தில் இடமில்லை என்பது அன்றைய சாதிப் பெரியவர்களின் வாதம். அந்தப் பிரதிஷ்டை இன்று செல்லும். செல்வதற்குக் காரணம் அன்று யாரோ கொடுத்த அதிகாரச் சீட்டு அல்ல. பூஜை நிற்கவில்லை, கோயிலைக் கவனிக்க ஒரு சபை ஏற்பட்டது, அதிலிருந்து 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பிறந்தது. மிலேச்சனும் ஆப்தனாகலாம் என்று வாத்ஸ்யாயனர் ஏட்டில் எழுதிய வரிக்கு ஆற்றங்கரையில் ஆதாரம் வேண்டுமானால் இது ஒன்று.

பராமரிப்பு என்றால் பழையதை அப்படியே பிடித்துவைத்துக்கொள்வது என்று தோன்றினால், அது என் வாதத்துக்கு நேர் எதிர். 1990களிலிருந்து இருந்த பழைய ஐடிஇ டிரைவர்கள் முழுவதையும் 2021-இல் 5.14 பதிப்பில் எடுத்து எறிந்தார்கள். அவை ஓட்டிவந்த டிஸ்க்குகளை லிப்ஏடிஏ ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தது; பொறுப்பேற்க யாருமில்லாத இரண்டாவது சாட்சியை வைத்துக்கொண்டிருப்பதில் ஆபத்துதான் மிச்சம். இன்னொரு பக்கம், ஃபிளாப்பி டிரைவர். 2019-இல் அதன் பொறுப்பாளர் தன்னிடம் ஓடும் ஃபிளாப்பிக் கருவி இல்லை என்று ஒதுங்கிக்கொள்ள, கர்னலில் யார் எதற்குப் பொறுப்பு என்று சொல்லும் கோப்பில் அதற்கு நேரே ‘அநாதை’ என்று எழுதினார்கள். பின்னால் வேறொருவர் எடுத்துக்கொண்டார்; இப்போதைய குறி ‘எப்போதாவது திருத்தம்’. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பொருளை நேரே அறிய வழியில்லாதபோது நான் இனி இதற்குச் சாட்சி இல்லை என்று எழுதித் தருவது, வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டு தகுதிகளில் முதலாவது போய்விட்டது என்று தானே அறிவிப்பது. நம் மடங்களிலும் பீடங்களிலும் அப்படி ஒரு பதிவேடு வைக்கத் துணிந்தவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

பள்ளிக் கணினிக்கு இதனால் வரும் விளைவு நேரடியானது. 2019-இல் வந்த பள்ளிப் பதிப்பின் அடிப்படை உபுண்டு 18.04, அதற்கான பொது ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. கைட் 2024-இல் 22.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பை வெளியிட்டது. பழைய பதிப்பே ஓடும் ஒரு கணினி மூலையில் இருந்தால், அதுவும் முன்போலவே ஆயிற்று என்றுதான் சொல்லும். குரலில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒப்பமிட்டு நின்றவர்கள் நகர்ந்துபோய்விட்டார்கள் என்பது திரையில் வராது, டிஸ்க்குக்கும் தெரியாது. அந்தத் தேதியைப் பார்த்து வைத்திருந்து, கோடை விடுமுறையில் பிள்ளைகளின் ஃபைல்களை வேறிடத்துக்கு எடுத்து வைத்துவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றும் கணினிப் பொறுப்பாசிரியர், கலிஃபோர்னியாவிலோ ஜெர்மனியிலோ டிரைவரைத் திருத்துகிறவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார். அவர் பெயர் எந்த மாற்றத்தின் அடியிலும் ஏறுவதில்லை.